ஆமை நடைக்கு மாணவரை அனுப்பும் ஆசிரியருக்கு

சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் அளித்த தீர்ப்பை ஒட்டி, சுற்றுச்சூழல் கல்வி எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் கட்டாயப் பாடமாயிற்று. பல்கலைக்கழக மானியக் குழு அதற்கென முதலில் வகுத்த மாதிரிப் பாடத்திட்டத்தின் 50 வகுப்புகளில் 5 களப்பணிக்கு உரியவை. அந்த ஐந்தும் இணையத்திலிருந்து இறக்கிய படங்களை ஒட்டிய ரெக்கார்டு நோட்டாக முடிந்துவிடுவதே வழக்கம்; விலங்கியல் ஆசிரியரான நானும் அத்தகைய நோட்டுகளில் சில ஆண்டுகள் கையெழுத்திட்டிருக்கிறேன்.

சென்னையில் இருந்துகொண்டு களம் இல்லையென்று சொல்ல முடியாது. பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கரையேறி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டுச் செல்கின்றன. 1988-இல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர், நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ‘ஆமை நடை’யாக இரவெல்லாம் நடந்து, அம்முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றி, 45 முதல் 60 நாள்களில் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். நாய்களிடமிருந்து முட்டைகளைக் காப்பதும் இதன் நோக்கந்தான். ஆனால் நகரத்தின் விளக்கொளி குஞ்சுகளைக் கடலுக்குப் பதில் சாலைப் பக்கம் இழுத்துவிடுகிறது என்பதே பெரிய காரணம்.

முதன்முறை நான் அறுபது மாணவர்களையும் ஒரு பதாகையையும் ஒரு கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். பாதி மணலேறி வந்த ஆமை, கைப்பேசி வெளிச்சங்களைக் கண்டு திரும்பிப் போய்விட்டது. வழிகாட்ட வந்திருந்த தன்னார்வலர் கோபிக்கவில்லை; அடுத்த வாரம் நான்கு பேர் வந்தால் போதும், ஆனால் பருவம் முடியும்வரை அதே நான்கு பேர் வரவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அதன் பிறகு, ஆமைப் பாதுகாப்புக் குழுவுக்கு என்ன தேவை என்று டிசம்பரிலேயே கேட்டுவிட்டுத்தான் மாணவர்களைத் தேர்கிறேன். நடந்த தொலைவு, கண்ட கூடுகள், முட்டைகளின் எண்ணிக்கை, மணலின் வெப்பநிலை ஆகியவற்றை அவர்கள் குறித்து வரும் ஏடே அகமதிப்பீட்டுக்குரிய களப்பணியாகிறது. மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் மிகும் என்பதால், புள்ளியியல் மாணவருக்கும் அதில் வேலை உண்டு. நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பவருக்கு ஆண்டுக்கு வேண்டிய 120 மணி நேரத்திலும் இது சேரும். இரவுப் பணியாகையால் பெற்றோரின் ஒப்புதல் கடிதமும், மாணவியர் பத்திரமாக விடுதி திரும்ப வண்டியும் முன்கூட்டியே உறுதியாக வேண்டும். இவற்றைக் குழுவின் தலையில் கட்டக் கூடாது. குஞ்சு பொரியும் ஏப்ரலில் பருவத் தேர்வும் வந்துவிடுவதால், தேர்வில்லாத முதலாண்டு மாணவர் இருவரையாவது பழக்கி வைக்கலாமென்று முன்பு எண்ணினேன். ஆனால் அவர்களுக்கும் அப்போதுதான் தேர்வு. இப்போது தேர்வு நடக்கும் அந்த இரண்டு வாரங்கள் பொரிப்பகத்துக்கு நானே போகிறேன்.