இத்தாலியன் வெர்ப்: விகுதி ஈஸி, அழுத்தம்தான் வேலை காட்டும்

இத்தாலியன்ல ரெகுலர் வெர்ப் எல்லாமே டிக்ஷனரில ஆரே, எரே, ஈரே இந்த மூணுல ஒண்ணுலதான் முடியும், அதை வெட்டிட்டு மிச்சம் நிக்கிற பகுதியோட விகுதியை ஒட்டினா வேலை முடிஞ்சுது. பார்லாரேன்னா பேசுறது. பார்லோ பேசுறேன், பார்லி பேசுற, பார்லா பேசுறான் (பேசுறாளும் அதேதான்), பார்லியாமோ பேசுறோம், பார்லாத்தே பேசுறீங்க, பார்லனோ பேசுறாங்க. "பேசுறேன்"னாலே நான்தான்னு நமக்கு தெரியும்ல, அங்கயும் அப்படித்தான், அதனால "நான்" சும்மா சும்மா வராது. இங்கிலீஷ் வழியா படிக்கிறவங்க இதுக்கே மலைச்சுப் போவாங்க, நமக்கு இதுல புதுசா ஒண்ணும் இல்ல.

எரேக்கும் ஈரேக்கும் நிகழ்காலத்துல விகுதி வித்தியாசம் "நீங்க"ல மட்டும்தான். இயாமோ மூணுக்கும் பொது. ஒரு காலத்துல ஆமோ, ஏமோ, ஈமோன்னு தனித்தனியா இருந்ததுதான், ஃப்ளோரன்ஸ் பக்கத்து இயாமோ வந்து எல்லாத்தையும் முழுங்கிடுச்சு, ரோம் தெருப்பேச்சுல இன்னும் பார்லாமோ கேக்கலாம்.

சரி, நிஜமா மாட்டிக்கிற இடம் அழுத்தம். நான், நீ, அவன், அவங்க நாலுலயும் அழுத்தம் பகுதி மேல விழும், நாம, நீங்க ரெண்டுல மட்டும் விகுதிக்கு நகர்ந்துடும். அதனால "பேசுறாங்க"வை பார்லானோன்னு இழுத்தா தப்பு, பார்ல அழுத்திட்டு மிச்சத்தை வேகமா விட்டுடணும். தெலெஃபொனாரேன்னா போன் பண்றது, அதுல "போன் பண்றாங்க" தெலேஃபொனனோ, லேல அழுத்திட்டு அதுக்கப்புறம் மூணு அசையை மூச்சு விடாம ஓட்டணும்.

இது புரிஞ்சாதான் ஈரே குடும்பத்தோட கூத்து புரியும். தோர்மீரே, அதாவது தூங்குறது, ஒழுங்கா தோர்மோ, தோர்மின்னு போகும். ஆனா ஃபினீரே (முடிக்கிறது) ஃபினோன்னு வராது, ஃபினீஸ்கோ, ஃபினீஷி, ஃபினீஷே, ஃபினீஸ்கொனோ. நாமளும் நீங்களும் வந்தா மட்டும் அந்த ஈஸ்க் காணாம போய் ஃபினியாமோ, ஃபினீத்தே ஆயிடும். ஏன்னு பாருங்க, பகுதி மேல அழுத்தம் விழ வேண்டிய அதே நாலு இடத்துலதான் ஈஸ்க் நுழைஞ்சு அழுத்தத்தை தான் வாங்கிக்குது, அதனால ஆறு வடிவத்துலயும் பகுதி மேல அடியே விழாது. லத்தீன்ல இது "ஆக ஆரம்பிக்கிறது"ன்னு அர்த்தம் தந்த ஒட்டு, அர்த்தம் தேஞ்சு போச்சு, இந்த டியூட்டி மட்டும் மிச்சம். ஈரே வெர்ப்ல பெரும்பாலானது இந்த கோஷ்டிதான், அதனால தோர்மீரே மாதிரி இருக்கிற கொஞ்சத்தை மனப்பாடம் பண்றதுதான் லாபம்.

இன்னொண்ணு, ஃபினீஸ்கோல இருக்கிற க சத்தம் ஃபினீஷில மாறிடுது, எழுத்து மட்டும் அப்படியே நிக்குது. ஆரே குடும்பம் இதுக்கு நேர் எதிர், அங்க சத்தத்தை விட்டே குடுக்க மாட்டாங்க. செர்க்காரேன்னா தேடுறது, அதுல "நீ தேடுற"க்கு சி பக்கத்துல ஐ வந்தா ச ஆயிடும், அதை தடுக்க நடுவுல ஒரு ஹெச் போட்டு செர்க்கின்னே வச்சுக்கிறாங்க. புது வெர்ப் எல்லாம் வந்து சேர்றதும் இந்த குடும்பத்துலதான். நாம கிளிக் "பண்ணுவோம்", அவங்க நேரா ஆரேயை ஒட்டி கிளிக்காரே ஆக்கிட்டாங்க, "நீ கிளிக் பண்ற"ன்னா கிளிக்கி, அதுலயும் அந்த ஹெச் உண்டு.