விரியும் பெட்டிக்குள் சூரியக் காற்று

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்யும் தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலைச் சுண்டினால் அதிர்வு நூல் வழியே ஓடும். நூல் விறைப்பாக இருந்தால் விரைவாகவும், கஞ்சி ஏறிக் கனத்திருந்தால் சற்று மெதுவாகவும் ஓடும். சூரியனிலிருந்து வெளிவரும் சூரியக் காற்று, மின்னூட்டத் துகள்களாலான வாயு, அதாவது பிளாஸ்மா; அதில் அந்த விறைப்பைக் காந்தப்புலக் கோடுகளும், எடையை அவற்றோடு பிணைந்த புரோட்டான்களும் தருகின்றன. இத்தகைய அலை உண்டு என்று 1942இல் கணித்த ஸ்வீடன் இயற்பியலாளர் ஹான்னஸ் ஆல்ஃப்வெனின் பெயராலேயே அது வழங்கப்படுகிறது.

நொடிக்கு 300 முதல் 800 கிலோமீட்டர் வேகத்தில் விரிந்து செல்லும் சூரியக் காற்று, விரியும் எந்த வாயுவையும் போல விரைந்து குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் பூமியின் தொலைவிலும் அதன் புரோட்டான்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் கெல்வின் வெப்பநிலையில் இருக்கின்றன. வழியெல்லாம் அதைச் சூடாக்குவதில் இந்த அலைகளுக்குப் பெரும் பங்குண்டு என்பதே பரவலான கருத்து. எவ்வாறு என்பதைக் கணினியில் பார்க்க முனைந்தால் அளவுதான் முதல் தடை. பயணத் தொலைவு 15 கோடி கிலோமீட்டர். அலையின் ஆற்றல் வெப்பமாக மாறுவதோ பூமியருகே சுமார் 100 கிலோமீட்டர் அளவிலும் அதற்குக் கீழும். அந்த 100 கிலோமீட்டரையே ஒரு கட்டமாகக் கொண்டாலும், முப்பரிமாணத்தில் 33,000 கோடி கோடிக்கும் மேற்பட்ட கட்டங்கள் தேவைப்படும். எந்தக் கணினியாலும் ஆகாத காரியம் அது.

ஆகவே முழு வெளியையும் விட்டுவிட்டு, காற்றோடு சேர்ந்து நகரும் ஒரு சிறு பெட்டியை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். பெட்டியின் நீளம் மாறுவதில்லை. அகலமும் உயரமும் சூரியனிலிருந்து உள்ள தொலைவுக்கு நேர்விகிதத்தில் வளர்கின்றன. இத்துறையின் உபாயங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. ஏனெனில் இந்த ஒரே மாற்றத்திலிருந்து எத்தனையோ விளைவுகள் தாமாக வந்துவிடுகின்றன. தொலைவு நான்கு மடங்கானால் அடர்த்தியும் ஆரத்திசைக் காந்தப்புலமும் பதினாறில் ஒரு பங்காகின்றன. அலையின் வீச்சோ எட்டில் ஒரு பங்காகவே குறைகிறது. அதாவது அலை தளர்ந்துகொண்டே போனாலும், தன்னைத் தாங்கும் புலத்தோடு ஒப்பிடும்போது இரு மடங்கு பெரிதாகிவிடுகிறது.

அவ்வாறு பெரிதான அலை நிலையாக நிற்பதில்லை. அது ஓர் ஒலியலையையும், எதிர்த்திசையில் திரும்பி ஓடும் இன்னோர் ஆல்ஃப்வென் அலையையும் ஈன்று சிதையக்கூடும். இந்தச் சிதைவை அழகப்பா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவர், பிளாஸ்மாவை மின்கடத்தும் பாய்மமாகக் கருதும் சமன்பாடுகளைக் கொண்டு, ஒற்றைப் பரிமாணத்தில் தம் மடிக்கணினியிலேயே பார்த்துவிடலாம்: சீராக இருந்த அடர்த்தி சிறிது சிறிதாகத் திரண்டு மேடும் பள்ளமுமாகும். எதிரெதிர் அலைகள் மோதிக் கொந்தளிப்பாகி, ஆற்றல் மேலும் மேலும் சிறிய சுழல்களுக்கு இறங்குவதைக் காண முப்பரிமாணம் வேண்டும். அந்தக் கொந்தளிப்பு பிளாஸ்மாவைச் சூடாக்குவதைக் காண, எலக்ட்ரான்களைப் பாய்மமாக வைத்துக்கொண்டு புரோட்டான்களைத் துகள் துகளாகப் பின்தொடர வேண்டும்.

காற்றின் வேகம் மாறாதது என்ற அனுமானத்தில் நிற்பதால், இந்தப் பெட்டி சூரியனுக்கு மிக அருகில் பொருந்தாது. அங்கே காற்று இன்னும் வேகம் பிடித்துக்கொண்டிருக்கிறது. உள்நோக்கி ஓடும் அலைகள் சூரியனை நோக்கித் திரும்பவும் முடியும். 2021 ஏப்ரல் 28 அன்று, சூரியனை ஆராயும் பார்க்கர் விண்கலம் முதன்முறையாக அந்தப் பகுதிக்குள் நுழைந்தது. அதற்கென, வேகம் கூடிக்கொண்டே போகும் பெட்டியையும் இப்போது வகுத்திருக்கிறார்கள்.