பழுது எவ்வளவு வேகத்தில் வளர்கிறது?

வணிகக் கட்டடம் வைத்திருப்பவர்கள் பராமரிப்பு என்றதும் முதலில் கேட்பது, எதை எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்பதைத்தான். இதற்கான விடையைப் பழுது வளரும் வேகமே தீர்மானிக்கிறது. ஒரு குறை கண்ணுக்கோ கருவிக்கோ முதன்முதலில் அகப்படும் நாளுக்கும், அது முற்றி இயக்கம் நின்றுபோகும் நாளுக்கும் நடுவே ஒரு கால அளவு உண்டு; அதற்குள் இரண்டு முறையாவது பார்வை விழும்படி ஆய்வை அமைக்க வேண்டும்.

முதன்மை மின்பலகையில், கேபிளின் முனையைப் பஸ்பாருடன், அதாவது மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் தடித்த உலோகப் பட்டையுடன், இறுக்கிப் பிடிக்கும் ஒரு போல்ட்டை எடுத்துக்கொள்வோம். மின்சுமை ஏறும்போது உலோகம் சூடாகி விரிகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. இது நாள்தோறும் நடப்பதால் பிடிப்பு மெல்ல மெல்லத் தளர்கிறது. தளர்ந்த இடத்தில் உலோகங்கள் ஒன்றையொன்று தொடும் பரப்பு குறைவதால் மின்தடை கூடுகிறது. மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் அங்கு வெளிப்படும் வெப்பம் கிடைக்கும். 100 ஆம்பியர் பாயும் இணைப்பில் 1 மில்லி ஓம் தடை இருந்தால் 10 வாட் வெப்பம். அதுவே 5 மில்லி ஓம் ஆகிவிட்டால் 50 வாட், அதாவது ஒரு சாலிடரிங் அயர்னை அணைக்காமல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதற்குச் சமம். அந்த வெப்பம் உலோகப் பரப்பில் ஆக்சைடு படியச் செய்கிறது, ஆக்சைடு தடையைக் கூட்டுகிறது, கூடிய தடை இன்னும் வெப்பத்தைத் தருகிறது. அகச்சிவப்புக் கேமராவில் மூன்று ஃபேஸ் இணைப்புகளில் ஒன்று மட்டும் பளீரென்று தெரிந்தால், புகையோ வாடையோ வருவதற்கு வெகு முன்பே குறை பிடிபட்டுவிட்டது என்று பொருள். ஆனால் மின்சுமை முழுமையாக இருக்கும் வேளையில்தான் படம் எடுக்க வேண்டும். ஆளில்லாத விடுமுறை நாளில் எடுத்த படம் எல்லா இணைப்புகளையும் நல்லவையாகவே காட்டும் என்பதால், அந்த அறிக்கையை நான் ஏற்கமாட்டேன்.

கான்கிரீட் வேறு வேகத்தில் கெடுகிறது. புதிய கான்கிரீட்டின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பு 12க்கு மேல் இருப்பதால் உள்ளிருக்கும் கம்பியின் மீது மெல்லிய காப்புப் படலம் நிலைத்திருக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தன்மையைக் குறைக்கிறது. மதிப்பு 9க்குக் கீழே போனதும் படலம் அழிந்து, ஈரம் பட்ட கம்பி துருப்பிடிக்கிறது. துருவுக்கு, அது உண்டான இரும்பைவிட இரு மடங்குக்கும் அதிகமான இடம் தேவைப்படுவதால் கான்கிரீட் உள்ளிருந்தே பிளந்து உதிர்கிறது. சிறு சுத்தியலால் தட்டும்போது நல்ல பகுதி கணீரென்று ஒலிக்கும், பிளவுபட்ட பகுதி பொத்தென்று ஒலிக்கும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு அது நீண்டிருக்கிறதா என்பதை எவரும் சொல்லிவிடலாம். இதற்கு ஆண்டுக்கு ஒரு பார்வை போதும். மொட்டைமாடி வடிகுழாயை அடைக்கும் சருகுக்கோ ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் பார்வை வேண்டும்.

தண்ணீரில் வேகம் இன்னும் கூடுதல். நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா தேங்கிய நீரில் 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் பெருகக்கூடியது என்பதால், யாரும் திறக்காத குழாய்களை வாரந்தோறும் சில நிமிடங்கள் ஓடவிடுவது அவசியம்.

எந்த அறிகுறியும் காட்டாமல் கெடும் கருவிகளே மிகவும் கவலை தருபவை. ஜெனரேட்டரின் பேட்டரி செத்துவிட்டாலும், தீயணைப்புக் குழாயின் வால்வை யாரோ மூடிவிட்டாலும், அன்றாட வேலையில் ஒரு மாற்றமும் தெரியாது. பழுது எந்த நாளிலும் நேரலாம் என்று கொண்டால், அது தெரியாமல் கிடக்கும் காலம் சராசரியாகச் சோதனை இடைவெளியில் பாதி. ஆண்டுக்கு ஒரு சோதனை என்றால் 6 மாதம். வாரம் ஒன்று என்றால் மூன்றரை நாள். ஜெனரேட்டரை வெறுமனே ஓட்டிப் பார்ப்பதும் போதாது. சுமையில்லாமல் ஓடும் டீசல் எஞ்சின் போதிய சூடு ஏறாததால், எரியாத எரிபொருளும் கரியும் புகைபோக்கியில் படியும். கட்டடத்தின் உண்மையான மின்சுமையைக் கொடுத்து ஓட்டினால்தான் அது மின்வெட்டு நாளில் தாங்குமா என்பது தெரியவரும்.