ரப்பியை அழைக்க மூச்சு தடுமாறும் வரை காத்திருக்காதீர்கள்

வட லண்டனில் நோய்த்தணிப்பு மருத்துவராக, அதாவது கடும் நோயாளிகளின் வலியையும் துன்பத்தையும் குறைப்பவராகப் பணியாற்றும் நான், யூதக் குடும்பங்களில் ஒரே தவறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நோயாளி வாரக்கணக்கில் படுக்கையில் இருப்பார், பிள்ளைகள் மாறி மாறி உடனிருப்பார்கள், ஆனால் மூச்சு சீர்குலைந்த இரவில்தான் "ரப்பியைக் கூப்பிடலாமா?" என்று, யூத மதகுருவைக் குறித்து, ஒருவர் தயங்கியபடி கேட்பார். அண்மையில் ஒரு மூதாட்டி நினைவு தெளிவாக இருந்தபோதே ரப்பியிடம் பேச வேண்டும் என்று கேட்டார். "அம்மா பயந்துவிடுவார்" என்று பிள்ளைகள் தள்ளிப்போட்டார்கள், பணியாளர்களும் தலையசைத்தார்கள். ரப்பி வந்து சேர்ந்தபோது அந்த மூதாட்டிக்கு நினைவு இல்லை. இங்கே மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பணிபுரியும் தமிழ்ச் செவிலியர்களும் பராமரிப்பாளர்களும் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்தத் தயக்கத்தின் வேர் 'விடூய்' எனப்படும் பாவ அறிக்கை. அதைச் சொல்ல வைத்தால் மரணத்தை வரவழைத்ததாகிவிடும் என்ற அச்சம் யூதர்களிடையேயும் இருக்கிறது. கத்தோலிக்க மரபின் இறுதிச் சடங்கைப் போன்றது என்று நினைக்கும் பணியாளர்கள் அந்த அச்சத்தை இன்னும் வளர்த்துவிடுகிறார்கள். இரண்டும் பிழை. பாவப்பரிகார நோன்பு நாளான யோம் கிப்பூரில் நல்ல உடல்நலத்தோடு இருக்கும் யூதர்களும் தொழுகையில் பலமுறை சொல்வது விடூய். இதில் குருவானவர் பாவமன்னிப்பு அளிப்பதில்லை; மனிதன் இறைவனிடம் நேரடியாகப் பேசுகிறான். 1565இல் வெனிஸில் அச்சான யோசேப் காரோவின் 'ஷுல்ஹான் ஆரூஹ்' என்ற யூதச் சமயச் சட்டத்தொகுப்பு, நோயாளியிடம் இதை எப்படிச் சொல்ல வேண்டும் என்றே கற்றுத்தருகிறது: அறிக்கையிட்ட பலர் இறக்கவில்லை, அறிக்கையிடாத பலர் இறந்திருக்கிறார்கள் என்று அவரிடம் கூறுங்கள் என்கிறது. நோயாளியின் விடூய் மன்றாட்டைப் படித்துப் பார்த்தால் ஐயம் முழுதும் தீர்ந்துவிடும். என் நலமும் என் மரணமும் உன் கையில் என்று தொடங்கி, முழுமையான குணத்தை முதலில் கேட்டு, மரணமே விதிக்கப்பட்டிருந்தால் அது என் குற்றங்களுக்கு ஈடாகட்டும் என்று அதற்குப் பிறகுதான் அது சொல்கிறது. வாழ விரும்புகிறவர் சொல்லும் மன்றாட்டு இது. இதைச் சொல்ல அவருக்குத் தெளிந்த மனம் வேண்டும்; அந்த மனத்தோடு அவர் இருக்கும் வாரங்களைத்தான் நாம் வீணாக்குகிறோம்.

அதோடு, ரப்பி வருவது விடூய்க்காக மட்டுமில்லை. நோயாளியைப் பார்க்கச் செல்வது யூத மரபில் கட்டளை. அதற்கு 'பிக்கூர் ஹோலிம்' என்று பெயர். பார்க்க வருபவர் நோயின் அறுபதில் ஒரு பங்கை எடுத்துச் செல்கிறார் என்று பழங்கால யூத அறிஞர்களின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத் சொல்கிறது. அப்படியானால் அறுபது பேரை அழைத்துவந்து நோயை முற்றாகப் போக்கிவிடலாமே என்று அதுவே கேட்டு, ஒவ்வொருவரும் எஞ்சியிருப்பதில்தான் அறுபதில் ஒரு பங்கை எடுக்கிறார் என்று விடையளிக்கிறது. எத்தனை பேர் வந்தாலும் கொஞ்சம் மிஞ்சும். நோய்த்தணிப்பு மருத்துவம் செய்யும் எவருக்கும் இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். யாரும் எட்டிப்பார்க்காத ஒரு மாணவரைப் பழங்கால யூத அறிஞரான ரப்பி அகிவா பார்க்கச் சென்றதையும், அதனால் அறை பெருக்கி நீர் தெளிக்கப்பட்டதையும், "எனக்கு உயிர் கொடுத்தீர்கள்" என்று அந்த மாணவர் சொன்னதையும் அதே பகுதி கூறுகிறது. தரையைப் பெருக்குவதும் ஆன்மிகப் பணியே என்பதை, "அதெல்லாம் ஆன்மிகப் பராமரிப்புத் துறையின் வேலை" என்று ஒதுங்கும் சக பணியாளர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

வலியைப் பொறுத்துக்கொள்வதே யூதப் பக்தி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தல்மூதில் ஒரு கதை வருகிறது: நோயுற்ற ரப்பி ஹியா பார் அப்பாவிடம் ரப்பி யோகனான், "இந்தத் துன்பங்கள் உனக்கு விருப்பமானவையா?" என்று கேட்கிறார். "அவையும் வேண்டாம், அவற்றுக்கான வெகுமதியும் வேண்டாம்" என்பது பதில். யோகனான் கை நீட்டி அவரை எழுப்புகிறார். பிறகு யோகனானே நோயுறும்போது அவரை எழுப்ப இன்னொருவர் வர வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சிறைப்பட்டவன் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள முடியாது. யோம் கிப்பூர் நோன்பிலும் நோயாளி தனக்கு உணவு வேண்டும் என்றால், வேண்டாம் என்று நூறு பேர் சொன்னாலும் அவர் சொல்லையே கேட்க வேண்டும் என்பது தல்மூதின் தீர்ப்பு. "தன் ஆத்துமாவின் கசப்பை இருதயமே அறியும்" என்ற நீதிமொழி அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

ஆகவே, நோயாளியிடமே கேளுங்கள். மகனிடமோ படிவத்தின் மதக் கட்டத்திலோ தேடாதீர்கள். தமக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லும் பல யூதர்கள், வாராந்திர ஓய்வுநாளான ஷபாத் தொடங்கும் வெள்ளி மாலையில் ஒரு விளக்கை விரும்புவார்கள். ஆக்சிஜன் ஓடும் அறையில் சுடர் கூடாது, மின்விளக்கு கொடுங்கள். வேதாகமப் பாடலான சங்கீதம் 121ஐ வாசிக்கச் சொல்பவருக்கு நேரம் ஒதுக்கி வாசியுங்கள். எதுவும் வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள்.

இறப்புக்குப் பின் ஏழு நாள் 'ஷிவா' துக்க வீட்டுக்குச் செல்பவர்களே, தயவுசெய்து முதலில் பேசாதீர்கள். வேதாகமத்தில் பெருந்துயருக்கு உள்ளான யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் அமர்ந்து வாய் திறக்காமல் இருந்ததை வைத்து, துக்கத்தில் இருப்பவர் பேசத் தொடங்கும் வரை ஆறுதல் சொல்பவர் பேசக் கூடாது என்று தல்மூத் விதித்திருக்கிறது. அந்த நண்பர்கள் வாய் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கிய பிறகுதான் யோபுவைப் புண்படுத்தினார்கள். "எல்லாம் நன்மைக்கே" என்ற சொல்லை வாசலிலேயே விட்டுவிடுங்கள். உணவு கொண்டு போங்கள், கோஷர், அதாவது யூத உணவு விதிகளுக்கு உட்பட்டது வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு.

கடைசியாக, நடைமுறை சார்ந்த ஒன்று. மரபைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ரப்பி வெள்ளி சூரியன் மறைவதற்குச் சற்று முன்பிலிருந்து சனி இரவு வரை வழக்கமான அழைப்புகளுக்குத் தொலைபேசியை எடுக்கமாட்டார். உயிர்காக்கும் அவசரத்துக்கு ஷபாத் விதிகள் விலகும். ஆறுதல் பேச்சுக்கு அப்படி விலகும் என்று எண்ணிவிடாதீர்கள். டிசம்பர் நடுவில் லண்டனில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. நோயாளி சேர்க்கப்பட்ட வாரத்திலேயே ரப்பியின் எண்ணை வாங்கிக் கோப்பில் எழுதுங்கள், வெள்ளி நண்பகலுக்குள் அழைத்துவிடுங்கள்.