மரத்தை வெட்டாமல் விற்பது எப்படி?

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தில் பள்ளிக்கூடம் கட்டக் காட்டு மரம் பணம் தருகிறது. 1889-இல் அது மாநிலமானபோது, கல்விக்கு வருமானம் வேண்டும் என்று மத்திய அரசு நிலம் ஒதுக்கியது. பின்னால் சேர்ந்த நிலங்களையும் கூட்டினால், இன்று சுமார் 30 லட்சம் ஏக்கரை மாநில இயற்கை வளத் துறை இப்படி நிர்வகிக்கிறது. மரம் விற்ற காசு பள்ளிக் கட்டடங்களுக்குப் போகிறது, பல்கலைக்கழகங்களுக்குப் போகிறது. சிற்றூர்களின் நூலகமும் தீயணைப்பு நிலையமும்கூட அதை நம்பித்தான் இருக்கின்றன.

அதே மரத்தை நிற்க விட்டே காசு பார்க்க முடியுமா? 2023-இல் அந்த மாநிலச் சட்டமன்றத்தில் வந்த 1789-ஆம் மசோதாவின் மையக் கேள்வி இதுதான். காடு காற்றிலிருந்து இழுத்து வைக்கும் கார்பனை இயற்கை வளத் துறையே ஒப்பந்தம் போட்டு விற்க அது வழி கேட்டது. மரத்தை விற்கவும் நிலத்தைக் குத்தகைக்கு விடவும் துறைக்குப் பழைய சட்டங்கள் உண்டு. ஆனால் அவை எழுதப்பட்ட காலத்தில் கார்பனை ஒரு சரக்காக யாரும் நினைக்கவில்லை.

முதலில் அந்தச் சரக்கை எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம். நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் 1.37 மீட்டரில், மரத்தின் விட்டத்தை நாடா வைத்து அளப்பார்கள். டக்ளஸ் ஃபிர், ஹெம்லாக், சிடார் என ஒவ்வொரு இனத்துக்கும் தனிச் சூத்திரம் இருக்கிறது. அதிலிருந்து மரத்தின் உலர் எடை கிடைக்கும். உலர்ந்த மரத்தில் ஏறக்குறையப் பாதி கார்பன். ஒரு டன் கார்பன் என்பது 3.67 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆக, 2 டன் உலர் எடையுள்ள மரம் 3.67 டன் வாயுவைப் பிடித்து வைத்திருக்கிறது. இந்தச் சரக்கை விற்கும் அலகுக்குக் கார்பன் கிரெடிட் என்று பெயர்; ஒரு டன் வாயுவுக்கு ஒரு கிரெடிட். எல்லா மரத்தையும் அளக்க முடியாது என்பதால் காட்டில் ஆங்காங்கே சிறு வட்டங்கள் குறித்து, அவற்றை மட்டும் அளந்து மொத்தத்தைக் கணிக்கிறார்கள்.

இதுவரை நேரான கணக்கு. சிக்கல் இனிமேல்தான். நிற்கிற கார்பன் முழுவதையும் விற்க முடியாது. திட்டம் இல்லாதிருந்தால் அந்தக் காட்டில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று ஓர் அடிப்படை அளவு போட்டு, அதற்கு மேல் இருப்பதை மட்டுமே விற்கலாம். நடக்காத ஒன்றை யார் நாடா வைத்து அளப்பது? வெட்டும் எண்ணமே இல்லாத காட்டை 'வெட்டியிருப்போம்' என்று எழுதிக் காசு வாங்கினால், அது விற்கவே நினைக்காத வீட்டை விற்காமல் இருந்ததற்குக் கூலி கேட்பது போல. மொத்தத் திட்டத்தின் நாணயமும் இந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் கசிவு. இங்கே வெட்டாவிட்டால் பலகைக்கான தேவை குறைந்துவிடாது. பக்கத்துக் காட்டில் கோடாரி விழும். அதற்காக ஒரு பங்கைக் கழிக்கிறார்கள். காட்டுத்தீ இன்னொரு பயம். ஒவ்வொரு திட்டமும் தன் கிரெடிட்டில் கொஞ்சத்தைப் பொதுச் சேமிப்பில் போட வேண்டும். காடு எரிந்தால் அதிலிருந்து ஈடுகட்டுவார்கள். இதே போன்ற திட்டம் நடக்கும் கலிஃபோர்னியா மாநிலத்தின் விதிப்படி, கடைசி கிரெடிட் கொடுத்த பிறகும் 100 ஆண்டுகள் அந்தக் கார்பனைக் காக்க வேண்டும். ஆனால் 2022-இல் வந்த ஓர் ஆய்வு, அங்கே 100 ஆண்டுத் தீ அபாயத்துக்கென ஒதுக்கியதில் குறைந்தது 95 சதவீதம், பத்தே ஆண்டுகளுக்குள் கரைந்துவிட்டது என்று கணித்தது. இதைக் கடந்து போய்விட முடியாது.

வாங்குவது யார்? வாஷிங்டனில் 2021-இல் நிறைவேறிய காலநிலைச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பெரிய நிறுவனங்கள் வெளியிடும் வாயுவுக்கு அது உச்சவரம்பு வைத்து, அனுமதிச் சீட்டு வாங்கச் சொல்கிறது. 2026 வரையிலான முதல் கட்டத்தில் தங்கள் வெளியீட்டில் 5 சதவீதம் வரை கிரெடிட்டால் ஈடுகட்டலாம். பூர்வகுடிகளின் நிலத்தில் நடக்கும் திட்டங்கள் என்றால் கூடுதலாக 3 சதவீதம். இதில் நான் மிகவும் மதிக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. பயன்படுத்தும் கிரெடிட்டின் அளவுக்கு அனுமதிச் சீட்டுகளைக் குறைத்துவிடுகிறார்கள். ஒரு கிரெடிட் போலியாகவே இருந்தாலும், மொத்தப் புகை வரம்பைத் தாண்டாது. இந்த வரம்புக்கு வெளியே, நிறுவனங்கள் தாமாக வந்து வாங்கும் சந்தைக்கு அப்படி ஒரு காவல் கிடையாது.

2022 ஏப்ரலில் துறை சுமார் 10,000 ஏக்கரைக் குத்தகை வழியில் கார்பன் திட்டத்துக்கு விடப் போவதாக அறிவித்தது. மர ஆலைகள் இருக்கும் ஊர்களில் கோபம் எழுந்தது; அது நியாயமான கோபம். அதே ஆண்டு ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம், இந்த நிலங்களிலிருந்து கறக்க முடிந்த அளவு வருமானத்தைக் கறந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் துறைக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆகவே கார்பனை விற்கத் துறைக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஆனால் மரம் வெட்டினால் அறுப்பாலைக்காரருக்கும் லாரி ஓட்டுநருக்கும் வேலை வரும். கிரெடிட் விற்றால் பணம் மட்டும்தான் வரும். அந்தப் பணத்தில் ஒரு பங்கு அவர்கள் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதையும், அடிப்படை அளவு எப்படிப் போடப்பட்டது என்பதை எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பதையும் இப்படிப்பட்ட சட்டம் எழுத்திலேயே சொல்லிவிட வேண்டும். இயற்கை வளத் துறையின் தலைவரான நிலத்துறை ஆணையரை அங்கே 4 ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் போடும் கையெழுத்தோ பல பத்தாண்டுகளுக்குக் காட்டைக் கட்டிவைக்கும்.