இணைப்பு கிடைக்கவில்லை என்பதற்காக ஃபயர்வாலை அணைக்காதீர்கள்

சென்ற மாதம் ஒரு வரி ஆலோசகரின் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மேசைக் கணினியின் விசைப்பலகையையும் மவுஸையும் கொண்டே பக்கத்திலுள்ள மடிக்கணினியையும் இயக்குவதற்காக அங்கே பேரியர் என்ற மென்பொருளை நிறுவியிருந்தார்கள். ஆனால் மவுஸின் அம்புக்குறி திரையின் ஓரத்தைத் தாண்டவே இல்லை. நான் போய்ப் பார்த்தபோது இரண்டு கணினிகளிலும், வெளியிலிருந்து வரும் தேவையற்ற இணைப்புகளைத் தடுக்கும் விண்டோஸ் ஃபயர்வால் அணைக்கப்பட்டிருந்தது. அனுப்பும் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் பேரியரின் எஸ்எஸ்எல் குறியாக்கமும் நீக்கப்பட்டிருந்தது. இவ்வளவு செய்தும் இணைப்பு கிடைக்கவில்லை என்பதோடு, அணைத்தவற்றைத் திரும்ப இயக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவும் இல்லை.

இந்த நிலையை நான் பல இடங்களில் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் கவலையாக இருக்கிறது. சினெர்ஜி, பேரியர், இன்புட் லீப், டெஸ்க்ஃப்ளோ போன்ற மென்பொருள்கள் நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் உள்வலையமைப்பு வழியாக அடுத்த கணினிக்கு அனுப்புகின்றன. வங்கிக் கடவுச்சொல்லும், வாடிக்கையாளரின் பான் எண்ணும், ஓடிபியும் அந்த வழியாகவே போகின்றன. குறியாக்கத்தை நீக்கிவிட்டால், அதே வலையமைப்பில் தகவல் போக்குவரத்தை ஒட்டுக்கேட்கத் தெரிந்த எவரும் அவற்றைப் படித்துவிட முடியும்.

ஆகவே எதையும் அணைப்பதற்கு முன்னால் காரணத்தைத் தேட வேண்டும். விசைப்பலகையும் மவுஸும் நேரடியாகச் செருகப்பட்டிருக்கும் கணினிதான் சர்வர், மற்றது கிளையண்ட். இதை மாற்றி அமைத்துவிட்டு மணிக்கணக்கில் போராடியவர்கள் உண்டு. அடுத்ததாக, இரண்டு கணினிகளின் ஐபி முகவரிகளையும் (வலையமைப்பில் ஒவ்வொரு கணினியையும் அடையாளம் காட்டும் எண்கள்) பாருங்கள். வீட்டிலும் சிறு அலுவலகங்களிலும் ஒன்று 192.168.1.5 என்றும் மற்றது 192.168.0.12 என்றும் இருந்தால், அவை பெரும்பாலும் வெவ்வேறு வலையமைப்புகளில் இருக்கின்றன என்று பொருள். விருந்தினர் வைஃபையில் இணைந்திருக்கும் கணினியை மற்றக் கணினிகளோடு பேச விடாமல் பல ரௌட்டர்கள் பிரித்தே வைக்கும். அது பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு, பழுது அல்ல. அலுவலக வலையமைப்போடு வெளியிலிருந்து இணைக்கும் விபிஎன் இயங்கிக்கொண்டிருந்தாலும் இதே போன்ற தடை ஏற்படக்கூடும். நேற்றுவரை வேலை செய்தது இன்று செய்யவில்லை என்றால், ரௌட்டர் சர்வருக்குப் புதிய ஐபி முகவரியைக் கொடுத்துவிட்டதா என்று பார்ப்பது நல்லது. ரௌட்டரின் அமைப்பில் அந்தக் கணினிக்கென ஒரு முகவரியை ஒதுக்கி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

இதற்குப் பிறகுதான் ஃபயர்வால். பேரியரும் அதன் உறவு மென்பொருள்களும் இயல்பாக 24800 என்ற டிசிபி போர்ட்டை, அதாவது இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசலை, பயன்படுத்துகின்றன. சர்வராக இருக்கும் கணினியில் அந்த ஒரு போர்ட்டுக்கு உள்வரும் அனுமதி கொடுத்தால் போதும். கிளையண்டில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் விண்டோஸ் சாளரமான பவர்ஷெல்லில், டெஸ்ட்-நெட்கனெக்சன் (Test-NetConnection) கட்டளையைச் சர்வரின் முகவரியோடும் இந்தப் போர்ட் எண்ணோடும் இயக்கினால், வழி திறந்திருக்கிறதா என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். உங்கள் சொந்த வைஃபையை விண்டோஸ் 'பொது வலையமைப்பு' என்று வகைப்படுத்தியிருந்தால், அதைத் 'தனிப்பட்டது' என்று மாற்றுவதும் பல நேரங்களில் போதுமானதாக இருக்கும்.

வழி திறந்திருந்தும் சர்வர் மறுக்கிறது என்றால், பெரும்பாலும் பெயர்தான் காரணம். கிளையண்ட் தன்னை எந்தத் திரைப்பெயரில் அறிமுகப்படுத்திக்கொள்கிறதோ, அதே பெயர் எழுத்து பிசகாமல் சர்வரின் அமைப்பிலும் இருக்க வேண்டும். குறியாக்கமும் இரு பக்கத்திலும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். சான்றிதழ் (குறியாக்கத்துக்குத் தேவையான, கணினியை அடையாளம் காட்டும் கோப்பு) இல்லை என்று பிழைச்செய்தி வந்தால் சான்றிதழை உருவாக்குங்கள், குறியாக்கத்தை நீக்காதீர்கள். முதல் இணைப்பின்போது திரையில் தோன்றும் சான்றிதழின் கைரேகையை, அதாவது அதற்கே உரிய எழுத்து-எண் வரிசையை, சர்வர் காட்டும் கைரேகையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஒப்புதல் தர வேண்டும். பலர் அதைப் படிக்காமலே ஒப்புதல் தந்துவிடுகிறார்கள்.

இணைந்த பிறகு வரும் சிக்கல்களுக்கும் வலையமைப்பையே குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். மேக் கணினியில் 'அக்சஸிபிலிட்டி' அனுமதி தரப்படாவிட்டால், இணைப்பு இருந்தும் அம்புக்குறி நகராது. லினக்ஸில் திரையை இயக்கும் முறைகளில் ஒன்றான வேலேண்ட் அமர்வில் பேரியர் சரிவர இயங்காது. இன்னொரு முறையான எக்ஸ்11 அமர்வுக்கு மாற வேண்டும், அல்லது வேலேண்டை ஆதரிக்கும் புதிய மென்பொருளுக்குப் போக வேண்டும். பேரியரின் மேம்பாடு நின்றுவிட்டதால், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இன்புட் லீப் அல்லது டெஸ்க்ஃப்ளோவையே நான் பரிந்துரைக்கிறேன். அம்புக்குறி ஒரே திரையில் சிக்கிக்கொண்டால் ஸ்க்ரோல் லாக் விசை தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாமே விண்டோஸ் கணினிகள் என்றால், மைக்ரோசாஃப்டின் கருவித் தொகுப்பான பவர்டாய்ஸில் 2023 முதல் இடம்பெற்றிருக்கும் மவுஸ் விதௌட் பார்டர்ஸே போதும். அது 4 கணினிகள் வரை இணைக்கும். அதன் பாதுகாப்புச் சாவி எல்லாக் கணினிகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அந்த அலுவலகத்தில் மடிக்கணினி விருந்தினர் வைஃபையில் இருந்ததுதான் காரணம். அதை முதன்மை வைஃபைக்கு மாற்றி, இரண்டு கணினிகளிலும் ஃபயர்வாலை இயக்கி, 24800 போர்ட்டுக்கு மட்டும் அனுமதி தந்து, சான்றிதழையும் உருவாக்கிக் கொடுக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஃபயர்வால் அணைந்திருந்த நாட்களில் அந்தக் கணினிகளில் பயன்படுத்திய கடவுச்சொற்கள் அனைத்தையும் அன்று மாலையே மாற்றிவிடும்படி கேட்டுக்கொண்டேன். என் முன்னாலேயே மாற்றத் தொடங்கினார்கள்.