அந்த வண்ணப்படத்தில் புயலைத் தேடாதீர்கள்

கடந்த புயல் பருவத்திலும் அதே கதைதான். "செயற்கைக்கோள் அளந்த கடல் மட்டம் இதோ. கரையோரம் முழுக்கப் பச்சை. கடல் ஏறவே இல்லை, எச்சரிக்கை எல்லாம் வீண் மிரட்டல்" என்று ஒரு வண்ண வரைபடம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. அது அடங்குவதற்குள், அதே வகை வரைபடத்தை ஆதாரமாக வைத்து எழுதிய ஆய்வேடு ஒன்று மதிப்பீட்டுக்காக என் மேசைக்கு வந்தது. வங்கக் கடல் புயல்களால் கரையோரக் கடல் மட்டம் பெரிதாக மாறுவதில்லையாம்! முன்னதை மன்னிக்கலாம். பின்னதை எப்படி மன்னிப்பது?

பொதுவில் கிடைக்கும் அந்த வரைபடத்தில் புயல் எழுச்சியின், அதாவது புயலால் கடல் மட்டம் தற்காலிகமாக ஏறுவதன், பெரும்பகுதி இருக்காது. செயற்கைக்கோள் பார்க்கத் தவறியதனால் மட்டுமல்ல. இந்தத் தரவைத் தயாரிக்கும் துறையினரான நாங்களே கணக்குப் போட்டுக் கழித்துவிடுகிறோம். பெருங்கடல் நீரோட்டங்களையும், ஆண்டுக்கு மில்லிமீட்டர் கணக்கில் உயரும் கடல் மட்டத்தையும் ஆராய்பவர்களுக்காகத் தயாரான வரைபடம் அது. அவர்களுக்கு ஓதமும் (நிலவு, சூரியன் ஈர்ப்பால் கடல் ஏறி இறங்குவது) புயலும் இடைஞ்சல். எனவே முதலில் ஓதத்தைக் கழிப்பார்கள். அடுத்து வளிமண்டலத் திருத்தம். காற்றழுத்தம் 1 ஹெக்டாபாஸ்கல் குறைந்தால் கடல் சுமார் 1 செ.மீ. உயரும், ஆழமற்ற கரையோரத்தில் காற்று நீரைத் தள்ளிக் குவிக்கும். இவ்விரண்டையும் கணினி மாதிரியில் கணித்து நீக்குவதுதான் அந்தத் திருத்தம். புயல் எழுச்சி என்பதே இவ்விரண்டும்தானே? மிஞ்சிய கொஞ்சமும், பல நாள் அளவீடுகளைக் கலந்து வரைபடமாக்கும்போது கரைந்துபோகும். கடல்நீரைக் காய்ச்சி வடித்துக் குடித்துவிட்டு, கடலில் உப்பே இல்லை என்பதைப் போன்றது இதை வைத்து முடிவு சொல்வது.

தொலைக்காட்சியில் அரை மணிக்கு ஒருமுறை வரும் மேகப்படத்தோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். மேகப்படம் அனுப்பும் இன்சாட் வானில் ஒரே இடத்தில் நின்று பார்ப்பது. கடல் மட்டத்தை அளக்கும் செயற்கைக்கோளின் கருவியான ரேடார் உயரமானி அப்படியல்ல; தன் நேர்கீழே உள்ள ஒற்றைக் கோட்டை மட்டும் அளந்தபடி பறந்துவிடும். ஜேசன் வரிசைச் செயற்கைக்கோள் அதே கோட்டுக்குத் திரும்ப ஏறத்தாழ 10 நாள்; ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013இல் ஏவிய சரல் 35 நாள் சுழற்சியில் இயங்கியது. 2022இல் ஏவிய ஸ்வாட் சுமார் 120 கி.மீ. அகலப் பட்டையை அளக்கிறது. அதற்கும் 21 நாள் சுழற்சி. எழுச்சியின் உச்சமோ சில மணி நேரம்.

அப்படியானால் பயனே இல்லையா? இருக்கிறது. துறைமுகத்துக் கடல்மட்டக் கருவி ஓரிடத்தின் கதையைத்தான் சொல்லும். எழுச்சி கடலுக்குள் எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்று அதற்குத் தெரியாது. 2010இல் இகோர் புயல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தைத் தாக்கியபோது, ஜேசன்-2 தற்செயலாக அவ்வழியே கடந்தது. எழுச்சி கண்டத்திட்டை (கரையை அடுத்த ஆழம் குறைந்த கடலடித் தளம்) ஒட்டி அலையாக நகர்ந்ததை ஆராய அந்த அளவீடு உதவியது. இத்தகைய அதிர்ஷ்டங்களைச் சேர்த்துத்தான் கணினி மாதிரிகளைச் சோதிக்கிறோம், திருத்துகிறோம். எச்சரிக்கை தருவது அந்த மாதிரிகள்.

ஆய்வு மாணவர்களே, பல நாள் அளவீடுகளைக் கலந்து கட்டம் கட்டமாக நிரப்பிய அந்த வரைபடத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். செயற்கைக்கோள் பறந்த கோட்டிலேயே அளந்த தடவழித் தரவை எடுங்கள். நொடிக்கு 20 அளவீடு உள்ளது. கழித்த வளிமண்டலத் திருத்தத்தைத் திரும்பக் கூட்டுங்கள். கரையிலிருந்து 10 கி.மீ.க்குள் ரேடார் எதிரொலியில் நிலமும் கலந்துவிடும் என்பதால், கரையோரத்துக்கென மறுபடி கணித்த தரவு இல்லாமல் அங்கே வாய் திறக்காதீர்கள். பாக் நீரிணை போன்ற ஆழமற்ற இடங்களில் ஓத மாதிரியையும் சந்தேகியுங்கள். பக்கத்துத் துறைமுகப் பதிவோடு ஒப்பிடாமல் என்னிடம் அனுப்பவே வேண்டாம்.

கரையோர மக்களிடம் கேட்பது வேறு. 1977 நவம்பரில் ஆந்திராவின் திவிசீமாவில் சுமார் 5 மீட்டர் உயரத்துக்கு ஏறி வந்தது இந்த எழுச்சிதான், ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். வானிலைத் துறையும் ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸும் 'ஓதத்துக்கு மேல் 1 மீட்டர்' என்று அறிவித்தால், அன்றைய ஓதத்தோடு இன்னொரு மீட்டர் என்று பொருள். அதற்கு மேல்தான் அலைகள். புயல் கரையைக் கடக்கும் நேரமும் ஓதம் ஏறும் நேரமும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் படகையும் வலையையும் விட்டுவிட்டு, பகலிலேயே முகாமுக்குப் போய்விடுங்கள்.